செயப்பாட்டு வினையும் கரையோரக் கிணறுகளும்

போன மாதம், நான் முன்பு படிப்பித்த பல்கலைக்கழக வளாகத்தின் ஆங்கில அலகிலிருந்து கஜன் என்ற இளம் போதனாசிரியர் நெளுக்குளத்திலுள்ள என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. புவிச்சரிதவியல் மாணவர்கள் இப்போது ஆங்கில வகுப்புக்கு வருவதில்லையாம். வந்தாலும் எழுதுவதில்லையாம். தமிழிலோ சிங்களத்திலோ மனதில் பட்டதைக் கைபேசிச் செயலி ஒன்றில் போட்டால், அது கஞ்சி போட்டு மடித்த சட்டை மாதிரி விஞ்ஞான ஆங்கிலமாக வெளியே வருகிறதாம்.

"மிஸ், இனி எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அந்தச் செயலி பிறப்பதற்கு முன் பல வருடம் நானே அந்தச் செயலியாக இருந்தவள். பிள்ளைகள் ஒரு பக்கத்தால் தங்கள் வசனத்தைப் போடுவார்கள், நான் மறுபக்கத்தால் கஞ்சி போட்ட வசனத்தை வெளியே தள்ளுவேன். என்ன, எனக்கு இடையிடையே தலையிடி வரும். அதற்கு வராது.

வெளியாட்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புவிச்சரிதவியல் என்றால் கல், பாறை, மண், அவற்றின் வயது, அவற்றுக்குள் இருக்கும் தண்ணீர். புவியியல் வேறு. இந்த வித்தியாசத்தை எங்கள் வளாகத்தின் நிதிக் கிளைக்கு யாராலும் விளங்கப்படுத்த முடியவில்லை. புவிச்சரிதவியல் துறை கல் உடைக்கும் சுத்தியல் கேட்டு எழுதும். சுவரில் தொங்கவிடும் உலகப்படம் வரும். நான் ஓய்வு பெறும்போது அந்தத் துறையின் களஞ்சிய அறையில் சுருட்டி வைத்த உலகப்படங்களுக்கு நடுவே இரண்டு சுத்தியல் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பிடி இல்லை.

நான் அந்த வேலைக்கு வந்த விதமும் அதே நிதிக் கிளைத் தரம்தான். முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்தேன். பிறகு எல்லாரையும் போல இடம்பெயர்ந்தேன். அந்தக் கதையை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எழுதிவிட்டார்கள். முகாமிலிருந்து வந்த பிறகு வவுனியாவில் ஒரு டிப்ளோமா, ஒரு நேர்முகம், ஒரு நியமனம். முதல் நாளே அலகின் தலைவர் என்னைப் புவிச்சரிதவியல் மாணவர்களுக்கென்று ஒதுக்கினார். எனக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். முல்லைத்தீவில் நிறைய மணல் இருக்கிறதுதானே என்றார்.

முதல் வகுப்பை இன்றும் நினைத்தால் சிரிப்பு வரும். ஒரு பழைய பாடநூலைத் திறந்து முதல் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்: ஸ்ட்ரைக். சரிந்து கிடக்கும் பாறைப்படை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் குறிக்கும் சொல் அது. எனக்கே அன்று காலைதான் தெரியும். இதன் பொருள் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் கை உயர்த்தியது. பகிஷ்கரிப்பு என்றார்கள். நல்லது, இன்னொரு பொருளும் உண்டு என்றேன். பின் வாங்கிலிருந்த ஒரு பையன் எழும்பி, மிகுந்த மரியாதையோடு, அது பதினொரு மணிக்குத் தொடங்குகிறது, நாங்கள் இப்போதே போனால் நல்லது என்று அறிவித்தான். விடுதிச் சாப்பாட்டுக்கு எதிரான பகிஷ்கரிப்பு. பாறையின் திசையை நான் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கப்படுத்தினேன்.

அடுத்த தலையிடி இரண்டு சொற்கள். பாறை மடிந்து வளைந்தால் ஃபோல்ட். பாறை உடைந்து விலகினாலும் ஃபோல்ட். ஆங்கிலத்தில் எழுத்தும் ஓசையும் வேறு. எங்கள் வாயில் இரண்டும் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் இரண்டையும் ஒன்றாகவே சொன்னார்கள். இன ஒற்றுமைக்காக எங்கள் வளாகத்தில் எத்தனையோ கருத்தரங்குகள், மதிய உணவோடு நடந்திருக்கின்றன. அந்த ஒற்றுமையைக் கண்ணால் கண்டது என் ஃபோல்ட் வகுப்பில் மட்டும்தான்.

இனி எங்கள் தலைவர். குணநாயகம் சேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த, சுத்தமான மனிதர். சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனை. இளமையில் இங்கிலாந்துக்குக் குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தவர். அந்தக் குறுகிய காலம் பிறகு அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் நீண்டுவிட்டது. அங்கே யாரோ அவருக்கு விஞ்ஞானத்தில் மனிதர் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 'நான்', 'நாங்கள்' என்ற சொற்களை எந்த மாணவனின் தாளில் கண்டாலும் சிவப்புப் பேனை இறங்கும். நான் கல்லை உடைத்தேன் என்று ஒரு பிள்ளை எழுதினால் கல் உடைக்கப்பட்டது என்று திருத்துவார். யாரால் என்று சொல்லத் தேவையில்லை. கல்லுக்கும் அந்தக் கேள்வி இல்லை என்பார்.

ஆங்கிலத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவருடைய தமிழுக்குள்ளும் இறங்கிவிட்டது. காலையில் அலுவலகத்துக்குள் வந்ததும் "தேநீர் தயாரிக்கப்பட்டுவிட்டதா?" என்பார். லீவு கேட்டால் பரிசீலிக்கப்படும். மின்விசிறி சுற்றாவிட்டால் அறிவிக்கப்படும். ஒருமுறை அவருடைய குடையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றும் குடை இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்றுதான் சொன்னார். அவர் வாழ்ந்த உலகத்தில் எல்லாம் நடந்தன, யாரும் எதையும் செய்யவில்லை.

ஒரு மழைக்காலம், விரிவுரை மண்டபத்தின் பக்கக் கதவால் ஒரு பாம்பு உள்ளே வந்தது. சேர் மேடையில் நின்றபடி அதைக் கண்டார். ஓடவில்லை, கத்தவில்லை. நல்ல தெளிவான ஆங்கிலத்தில், மண்டபத்தினுள் ஒரு பாம்பு அவதானிக்கப்பட்டுள்ளது என்றார். முன் வாங்கிலிருந்த அத்தனை பேரும் குனிந்து அதைக் கொப்பியில் எழுதினார்கள். எங்கள் சிற்றூழியர் வந்து "பாம்பு, பாம்பு" என்ற பிறகுதான் வாங்குகளில் ஏறி நின்றார்கள். வந்தது சாரைதான். அதற்கும் ஒன்றும் செய்யப்படவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவருடைய முறைகளில் நல்லவையும் இருந்தன. ஒரு பாறையை விவரிக்க ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் நிறம். பிறகு மணிகளின் பருமன். பிறகு அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. பிறகு என்ன கனிமம் தெரிகிறது. கடைசியில்தான் பாறையின் பெயர். பெயரை முதலில் சொன்னால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். இதைப் புவிச்சரிதவியல் விரிவுரையாளர்களைவிட அவர்தான் கண்டிப்பாகப் பழக்கினார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்து, பெயர் சொல்லாமல் ஐந்து வசனம் சொல்லவைப்பார். அந்த வகுப்பை நானும் ரசித்திருக்கிறேன்.

இன்னொன்று அவருடைய ஏணி. கரும்பலகையில் ஏணி ஒன்று கீறுவார். அடிப்படியில் 'இருக்கிறது'. அதற்கு மேல் 'இருக்கக்கூடும்'. அதற்கும் மேல் 'இருக்கலாம் எனத் தோன்றுகிறது'. உச்சிப் படியில் 'இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது'. மேலே ஏற ஏற ஆபத்துக் குறையும் என்பார். மற்ற ஏணிகளில் விழுந்து பழகிய பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருந்தது. ஏணி பிழையானதல்ல. கண்ணால் பார்த்தும் உறுதியாகத் தெரியாததை 'இருக்கலாம்' என்று சொல்வது நேர்மை. பார்க்காமலே விட்டதையும் அதே 'இருக்கலாம்' மூடிவிடும் என்பதை மட்டும் அவர் எந்தப் படியிலும் எழுதவில்லை.

இந்த இரண்டையும் எங்களிடமிருந்து மிக நன்றாகப் பிடித்துக்கொண்டவள் நிரோஜினி. பூவரசங்குளத்துப் பிள்ளை. தகப்பன் வயல் செய்பவர். வந்த முதல் வருடம் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லவே மூன்று தரம் எச்சில் விழுங்குவாள். ஆனால் பிடிவாதம். ஒரு வசனத்தைத் திருத்திக் கொடுத்தால், ஏன் திருத்தினீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். இறுதி வருட வாய்மொழிப் பரீட்சைக்குத் தெற்கிலிருந்து ஒரு வெளிப் பரீட்சகர் வந்திருந்தார். எங்கள் அலகிலிருந்து சேரும் நானும் ஓரத்தில் இருந்தோம். கடுமையானவர். நிரோஜினி தன் களப்பகுதியில் ஒரு ஃபோல்ட் இருக்கிறது என்றாள். அப்படி உடைவு எதுவும் அந்த வரைபடத்தில் இல்லையே என்றார் அவர். அவள் திரும்பவும் ஃபோல்ட் என்றாள். அவர் திரும்பவும் இல்லை என்றார். மூன்றாம் முறை மேசையிலிருந்த அவருடைய நிகழ்ச்சிநிரல் தாளை எடுத்து, வளைத்து மடித்துக் காட்டினாள். பிறகு அதே தாளைக் கிழித்து, இரண்டு துண்டையும் மேலும் கீழுமாக நகர்த்திக் காட்டி, இது இல்லை, முதல் காட்டினதுதான் என்றாள். பரீட்சகர் சிரித்துவிட்டார். குணநாயகம் சேர் சிரிக்கவில்லை. தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று என் காதுக்குள் சொன்னார்.

அவள் நல்ல வகுப்பில் சித்தியடைந்தாள். இரண்டு வருடம் வேலையில்லை. பிறகு கரையோர மணலிலிருந்து கனிமம் எடுக்கும் ஒரு தனியார் கம்பனியில், ஒப்பந்த அடிப்படையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். தகப்பன் கோயிலில் பொங்கிப் படைத்து, எனக்கும் ஒரு ஏனம் நிறையப் பொங்கல் கொண்டுவந்து தந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் எங்கள் அலகுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் ஒரு கிராமம். அங்கே கடற்கரைக்குப் பின்னாலுள்ள மணல்மேட்டை அகழ்ந்து கனிமம் உள்ள கறுப்பு மணல் எடுக்கப் போகிறார்கள். ஊர்மக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைக்க வேண்டும். அகழ்ந்தால் என்ன ஆகும் என்று கம்பனி கொடுத்த அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புத் தயாரிக்கப்பட்டு வருகிறது. யாரால் என்று சொல்லப்படவில்லை. ஆகவே புவிச்சரிதவியல் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வந்து கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்ல முடியுமா?

சேர் உடனே சம்மதித்தார். மேடையில் இருப்பது தான் என்றும் மொழிபெயர்ப்பது நான் என்றும் வேலை பிரிக்கப்பட்டது. வாகனத்தில் போகும்போதுதான் அறிக்கையை என் கையில் தந்தார். சாராம்சம் போதும், விவரங்கள் தவிர்க்கப்படட்டும் என்றார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தயாரித்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர் நிரோஜினி.

பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஒரு 'நான்' இல்லை. அவதானிக்கப்பட்டது, ஆராயப்பட்டது, கருதப்படுகிறது. என் கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு போய் அச்சடித்த மாதிரி இருந்தது. மாங்குளம் தாண்டும்வரை அதை ரசித்துக்கொண்டே போனேன்.

கூட்டம் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில். மேடையில் கொழும்பிலிருந்து வந்த கம்பனி முகாமையாளர், மரியாதையான மனிதர், தமிழ் தெரியாது. பக்கத்தில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி. அடுத்துக் குணநாயகம் சேர். ஓரத்துக் கதிரையில் மடிக்கணினியோடு நிரோஜினி. என்னைக் கண்டதும் எழும்பிச் சிரித்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் சங்கத் தலைவர். இறங்குதுறைக்குப் பாதை போட்டுத் தருவதாகக் கம்பனி அவருக்குச் சொல்லியிருந்தது. கம்பனியின் பெயர் போட்ட தொப்பியை அவர் அன்றைக்கே போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முகாமையாளர் ஒரு வசனம் வாசிப்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும். முதல் வசனத்தைச் சொன்னேன். கரையோரக் கிணறுகள் ஆராயப்பட்டன.

"ஆர் ஆராய்ஞ்சது?"

கேட்டவர் திரேசம்மா. மாதர் சங்கத்தின் செயலாளர், கருவாட்டு வியாபாரம் செய்பவர், நல்ல குரல். அந்தக் குரலுக்குப் பயந்து சங்கத் தலைவரே தொப்பியைச் சரிசெய்தார். நான் முகாமையாளரிடம் கேட்டேன். குழு என்றார். குழு என்று சொன்னேன். குழுவில் யார் என்று திரேசம்மா கேட்டார். அதை முகாமையாளர் கவனிக்காமல் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். நீரின் தரம் திருப்திகரமாக இருப்பதாக அவதானிக்கப்பட்டது.

"ஆருக்குத் திருப்தி?"

மண்டபம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் இந்த வசனங்களைத் திருத்தியிருக்கிறேன், எழுதவைத்திருக்கிறேன், புள்ளி போட்டிருக்கிறேன். அவற்றை ஒரு மண்டபத்தில் வாய்விட்டுத் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. காற்றுப் போன பந்து மாதிரி ஒவ்வொன்றும் என் காலடியிலேயே விழுந்தது. சேர் மேடையிலிருந்து குனிந்து, எழுவாய் தவிர்க்கப்படட்டும் என்றார். எழுவாய் இருந்தால்தானே தவிர்க்க?

கஜன் சொன்ன செயலியை அங்கே வைத்திருந்தால் அது இன்னும் வேகமாக மொழிபெயர்த்திருக்கும். அதைப் பார்த்து 'ஆர்' என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். என்னைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்கு வியர்த்தது.

பிறகு அந்த வசனம் வந்தது. அகழ்வினால் கிணற்று நீரின் உப்புத் தன்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படும் என எதிர்பார்க்கப்படவில்லை. பருவகால வேறுபாடுகள் இருக்கக்கூடும்.

கரையோரக் கிணறுகளின் கதை இதுதான். மணல்மேட்டுக்குள் மழைத் தண்ணீர் தங்கியிருக்கும். அதற்குக் கீழே கடல் தண்ணீர். நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. மேட்டை வெட்டியெடுத்தால் மழைத் தண்ணீர் தங்க இடமில்லை, கீழே இருக்கிற உப்பு மேலே வரும். அந்த ஊருக்குக் குடிக்க வேறு தண்ணீர் இல்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரும் நாளும் உண்டு, வராத நாள்தான் கூட. இவ்வளவையும் நான் என் மாணவர்களிடமிருந்து படித்திருந்தேன். அதனால் அந்த வசனத்தைச் சாராம்சமாக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

திரேசம்மா எழும்பினார். இந்த முறை குரல் உயரவில்லை.

"ரீச்சர், எதிர்பாக்கப்படேல்லை எண்டா என்ன? உப்பு வராதெண்டு சொல்லினமோ, இல்லாட்டி வருமோ எண்டு ஒருதரும் பாக்கேல்லையோ?"

நல்ல கேள்வி. ஆங்கிலத்திலும் அந்த வசனம் இரண்டையும் தாங்கும். அதற்காகத்தான் அப்படி எழுதுவது. அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை அம்மா என்றேன். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, முகாமையாளரிடம் ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் ஓரத்துக் கதிரையைப் பார்த்தார். மண்டபமும் பார்த்தது.

நிரோஜினி மடிக்கணினியை மூடினாள். எழும்பினாள். ஒலிவாங்கியை எடுக்கவில்லை.

"நான்தான் அளந்தனான். தை மாசம், மழை விட்ட கையோடை அளந்தனான். அப்ப எல்லாக் கிணறும் நல்ல தண்ணி. கோடையிலை அளக்கேல்லை. கோடையிலை அளக்காமல் ஒண்டும் சொல்லேலாதெண்டு எழுதிக் குடுத்தனான். அந்த வசனம் இப்ப இதுக்குள்ளை இல்லை."

அமர்ந்தாள். முகாமையாளர் என் பக்கம் குனிந்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சேர் மறுபக்கத்திலிருந்து, சாராம்சம், சாராம்சம் என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே சின்னச் சின்ன வசனமாக. அநேகமாக எல்லாம் 'நான்' என்றுதான் தொடங்கின. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் பேசிய ஆங்கிலத்தில் அதைவிட எளிய ஆங்கிலம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். முகாமையாளருக்கு நன்றாக விளங்கியது. முகத்தில் தெரிந்தது.

இதற்குப் பிறகு மண்டபம் எழுந்து கைதட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. சங்கத் தலைவர் பாதை போய்விட்டது என்று கோபித்தார். பின்னால் நின்ற இளைஞர்கள் சிலர், வேலை தருவதாகச் சொன்ன ஒரேயொரு கம்பனியையும் கலைக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. திரேசம்மா நிரோஜினியைத்தான் பிடித்துக்கொண்டார். "அப்ப இவ்வளவு நேரமும் ஏன் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்தனீ?" அதிகாரி மட்டும் அமைதியாக, கோடையில் மீள அளக்கப்படல் வேண்டும் என்று எழுதிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

திரும்பி வரும்போது ஒட்டுசுட்டான் தாண்டியதும் சேர் என் பக்கம் திரும்பினார். இன்று நிகழ்ந்தது விரும்பத்தக்கதல்ல என்றார்.

"ஆருக்கு, சேர்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுகிழமை என்னிடம் விளக்கம் கோரப்பட்டது. கொடுத்தேன். அத்தோடு அது எங்கேயோ வைக்கப்பட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல. யாராவது ஒருவர் எழுந்து நின்று 'நான்' என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன நடக்குமோ என்ற பயம், அவ்வளவுதான். இந்த நாட்டில் எங்கள் வயதுக்காரருக்கு அந்தப் பயம் எப்படி வந்தது என்று நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நிரோஜினியின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனின் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தாள். என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஊருக்காக வேலையை விட்ட பிள்ளை என்று அதற்குள் இரண்டு மூன்று பேர் முகநூலில் எழுதிவிட்டார்கள். அதைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் ஊருக்காக எழும்பேல்லை மிஸ். என்ரை வசனத்தை ஆரோ வெட்டிப்போட்டு, தங்கடை வசனத்தைப் போட்டு, அதுக்குக் கீழை என்ரை பேரைப் போட்டிருந்தவை. அதோடை அந்த வசனம் நல்லாவும் இல்லை. உங்களிட்டை தந்திருந்தா நீங்களே வெட்டியிருப்பியள்."

வெட்டியிருப்பேனா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. சேரின் ஏணியில் அது மேல்படி வசனம். நல்ல புள்ளி விழுந்திருக்கும். அதை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

ஆவணி மாதம், வெயில் உச்சத்தில் இருந்தபோது, அவள் திரும்பவும் அந்த ஊருக்குப் போனாள். உப்பு அளக்கும் கருவியைப் புவிச்சரிதவியல் துறைத் தலைவரிடம் இரவல் வாங்கியிருந்தாள். நானும் கூடப் போனேன், பெரும்பாலும் குடை பிடிப்பதற்கு. திரேசம்மாவும் மாதர் சங்கத்துப் பெண்கள் சிலரும் வந்து வீடு வீடாகக் காட்டினார்கள். வாளியால் அள்ளி, கருவியை விட்டு, எண்ணைப் பார்த்து, கிணற்றின் இடத்தையும் ஆழத்தையும் குறித்து, அடுத்த வீடு. மேட்டுக்குக் கடல் பக்கமாக இருந்த கிணறுகளில் உப்பு ஏறியிருந்தது. இன்னும் யாரும் ஒரு கூடை மணல்கூட வெட்டவில்லை, அதற்கு முன்பே. மேட்டை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். மேட்டுக்கு உள்பக்கமாக, கோயில் வளவிலும் அதைச் சுற்றியும் இருந்த கிணறுகள் நன்றாகவே இருந்தன. திரேசம்மாவின் கிணறும் அதில் ஒன்று. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

எல்லாக் கிணறும் உப்பு என்று எழுதினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டார். கம்பனி பொய் எழுதலாம், நாங்கள் எழுதக்கூடாதா? நிரோஜினி கருவியைத் துணியால் துடைத்தபடி சொன்னாள்:

"உங்கடை கிணத்திலை நல்ல தண்ணி அம்மா. நான் அளந்ததைத்தான் எழுதுவன்."

திரேசம்மா அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை. என்னோடு மட்டும் கதைத்தார். ஆனால் பஸ்ஸில் ஏறி இருந்ததும் ஒரு பை கருவாடு அவளுடைய மடியில்தான் வந்து விழுந்தது.

அவள் எழுதிய அறிக்கை நான்கு பக்கம். ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் ஆங்கிலத்தில், மீதி இரண்டும் வரைபடமும் எண்களும். திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்பினாள். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டேன். வேறு ஒன்றும் செய்ய இருக்கவில்லை. கூட்டத்துக்கு வந்த மாவட்ட அதிகாரியிடம் அது போனது, அவர் ஏற்றுக்கொண்டார். மேட்டின் கடல்பக்கத்தில் அகழ அனுமதி இல்லை என்று தீர்மானமானது. கம்பனியும் மரியாதையாக விலகிக்கொண்டது. பாதை வரவில்லை. சங்கத் தலைவர் தொப்பியை இன்னும் போடுகிறார், வெயிலுக்கு நல்லதாம்.

நான் ஓய்வு பெற்றேன். சேரும் அதே வருடம் ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். பிரியாவிடையில் என் சேவை நினைவுகூரப்படும் என்றார். நிரோஜினி நீண்ட நாள் தகப்பனோடு வயலில் நின்றாள். இப்போது கிளிநொச்சியில் குழாய்க்கிணறு போடும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். சம்பளம் கம்பனி தந்ததில் பாதி. எங்கே துளைத்தால் தண்ணீர் வராது என்று சொல்வதுதான் பெரும்பாலும் வேலையாம். வீட்டுக்காரருக்கு அது பிடிப்பதில்லையாம்.

முந்தநாள் ஒரு தொலைபேசி வந்தது. அந்தக் கிராமத்துக்கு அடுத்த கிராமத்திலிருந்து, மாதர் சங்கம் என்று சொன்னார்கள். என்னுடைய இலக்கத்தைத் திரேசம்மா கொடுத்திருக்கிறார். பேசியவர் தயங்கித் தயங்கிப் பேசினார். தங்கள் பக்கத்து மணல்மேட்டுக்கு ஒரு கம்பனி வந்திருக்கிறது. அறிக்கை ஒன்று தந்திருக்கிறார்கள். தடித்த அறிக்கை, நிறப்படங்களோடு. எல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கைபேசியில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்ததாம். தமிழாகிய பிறகும் விளங்கவில்லையாம். வெள்ளிக்கிழமை கூட்டம்.

கம்பனியின் பெயரைக் கேட்டேன். அதே கம்பனி.

அன்று பின்னேரம் நிரோஜினிக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் துளைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. யார் தயாரித்தது என்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன் என்றாள். பிறகு, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாருக்கோ கை காட்டியிருக்க வேண்டும், இரைச்சல் நின்றது.

"மிஸ், அந்த அம்மாவிட்டை ஒண்டை மட்டும் கேட்டு வையுங்கோ. அங்கை கடைசியா மழை பெய்தது எப்ப?"